வைவாவுக்கு வரிசைத்தட்டு

ஆங்கில நாவலின் வளர்ச்சி என்றால் மற்றவர்களுக்கு என்ன ஞாபகம் வருமோ தெரியாது, எனக்கு நெத்திலி வாசனைதான் வரும். நான் அதை ஆராய்ந்தது நூலகத்தில் பாதி, அம்மா வீட்டுப் பின்பக்கம் மீன் ஆய்கிற இடத்தில் பாதி. இதில் எந்தப் பாதி உருப்படி என்று இந்த நிமிஷம் வரை எனக்கு முடிவாகவில்லை.

மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிவு செய்திருந்தேன். பட்டம் வந்தால்தான் நாவல் பாடம் என் கையில் நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கல்லூரியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். நாவல் போனால் எனக்கு மிஞ்சுவது ‘விடுப்பு விண்ணப்பம் எழுதுவது எப்படி’ என்கிற வகுப்பு. அதை நினைத்தாலே எனக்கு விடுப்பு வேண்டும்போல இருக்கும்.

என் நெறியாளர் அம்மையார் தங்கமானவர். ஆனால் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. “கதைய யார்கிட்டயாவது குழப்பாம சொல்லிப் பாரு. கேக்கறவங்களுக்குப் புரிஞ்சாதான் உனக்குப் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்” என்பார். வீட்டில் கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். கதாநாயகி பிறப்பதற்குள் தூங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்தக் காலத்து நாவல்களில் கதாநாயகி பிறக்கவே நிறையப் பக்கங்கள் ஆகும். தாத்தாவின் வயல் வரப்பிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

ஆகவே அம்மாவிடம் போனேன். பாகூருக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் அம்மா வீடு. ஞாயிற்றுக்கிழமை நெத்திலி வாங்கிவந்து உட்கார்ந்துவிட்டால் அம்மாவால் எழுந்திருக்க முடியாது. பொடி மீன், ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளியாக வேண்டும். கையெல்லாம் செதிலாக இருப்பதால் போனையும் தொட முடியாது. ஆராய்ச்சி மாணவிக்கு இதைவிடத் தோதான வாசகர் அமையமாட்டார்.

நான் எடுத்துக்கொண்ட நாவலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் யாராவது தேடிப்பிடித்துப் படித்துவிடுவீர்கள், அந்தப் பாவம் எனக்கெதற்கு. எல்லாரும் மறந்துபோன பழைய மூன்று பாக நாவல். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக, படங்களோடு பத்திரிகையில் வந்தது. ஆற்றோரத்தில் சுங்கச்சாவடி வைத்திருக்கிறவருடைய மகள்தான் கதாநாயகி. இதை எப்படித் தமிழில் விளக்குவது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அம்மா, “டோல்கேட்டுக்காரன் பொண்ணு. சரி, மேல சொல்லு” என்றுவிட்டாள்.

டோல்கேட்டுக்காரன் பெண்ணை இரண்டு பேர் விரும்புகிறார்கள். ஒருவன் வக்கீல். இன்னொருவர் அந்த ஊர்த் தேவாலயத்துப் பாதிரியார். நடுவில் ஒரு உயில், வக்கீல் சுமத்துகிற ஒரு வீண்பழி, ஏகப்பட்ட தேநீர். கடைசியில் ஆற்றில் வெள்ளம். நோயாளிக் கிழவி ஒருத்திக்கு மருந்து கொண்டுபோகும்போது படகு கவிழ்ந்து கதாநாயகி இறந்துபோகிறாள்.

அம்மா கேட்டதோடு விடவில்லை. அவள் அப்போது ஏரி வாய்க்கால் தூர் வாருகிற நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே பெண்கள் ஓய்வுக்கு உட்காருகிற நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதைத் தவணை தவணையாகச் சொல்லத் தொடங்கினாள். அந்தக் கதை முதன்முதலில் எப்படித் தவணையில் வந்ததோ அதேபோல வாய்க்கால் கரையிலும் வந்தது. இதைக் கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு கேள்விகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு ஞாயிறும் அம்மா ஒரு மூட்டை கொண்டுவருவாள். முதல் கேள்வியே வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கிறிஸ்தவ அக்காவிடமிருந்து. “சாமியாரு எப்பிடிடி கண்ணாலம் பண்ணிக்குவாருன்னு கேக்கறா. மாதா கோயில்ல போயி பாவசங்கீர்த்தனம் வேற பண்ணிட்டு வந்துட்டாளாம், இந்தக் கதைய கேட்டதுக்கு.” அங்கே அது வேறு சபை, அவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று நான் விளக்கம் எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லியனுப்பினேன். அக்கா அரை மனதாக ஒப்புக்கொண்டாளாம்.

அடுத்தது மழை. கதாநாயகி மழையில் நனைந்து, காய்ச்சல் வந்து, ஒரு பாகம் முழுக்கப் படுத்துக்கிடந்தாள். ஆங்கில நாவலில் மழையில் நனைந்தவள் எழுந்திருக்க நாளாகும், அது அந்தக் காலத்து மரபு. நடவு நட்டுப் பழகிய பெண்களுக்கு இது செல்லுபடியாகவில்லை. “ஒரு மழைக்கே இப்பிடி சாஞ்சிட்டாளே, இவள நாத்து நட வுட்டா இன்னா ஆவா?” என்று கூட்டமே கேட்டதாம். இவளை மருமகளாக எடுத்தால் அந்தச் சாமியார்தான் சமைக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

எல்லாரையும்விட அதிகமாகக் கதைக்குள் போய்விட்டவர் அம்மாவின் எதிர் வீட்டு அத்தை. ரத்த சொந்தம் கிடையாது, ஆனால் நான் பிறந்ததிலிருந்து அத்தைதான். அவர் கதாநாயகியை ‘எம்பொண்ணு’ என்றே சொல்லத் தொடங்கிவிட்டார். வக்கீல் மட்டும் கையில் கிடைத்தால் முறத்தாலேயே சாத்துவேன் என்று சபதம் வேறு. ஒருநாள் கிருமாம்பாக்கத்தில் பேருந்துக்கு நின்றபோது என்னைப் பார்த்து, “ஏண்டி, அந்த உயிலு கெடைச்சிதா இல்லியா?” என்று சாலையின் மறுபக்கத்திலிருந்து கத்தினார். நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் எங்கள் குடும்பத்தில் சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார்கள்.

கடைசித் தவணையை நான் சொன்ன ஞாயிறு மட்டும் சப்பென்று போயிற்று. படகு கவிழ்வதை நான் உருக்கமாகச் சொல்லி முடித்தேன். அம்மா மீன் கிள்ளுவதை நிறுத்தி, “செத்துட்டாளா?” என்றாள். ஆமாம் என்றேன். “சரி” என்று சொல்லிவிட்டு மீனை அலசப் போய்விட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன், சரியாம் சரி.

ஏனென்றால் என் ஆய்வே அந்தச் சாவின்மேல்தான் நின்றது. அந்த நாவல் தவணையில் வந்தபோது, அவளைச் சாகடிக்காதே என்று வாசகர்கள் ஆசிரியருக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டிருக்கிறார்கள். அவர் மசியவில்லை. அதுவரை வாசகர் இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்துகொண்டிருந்த ஆங்கில நாவல், யார் பேச்சையும் கேட்காமல் தன் முடிவைத் தானே எடுக்கக் கற்றுக்கொண்ட இடங்களில் இது ஒன்று, அதுதான் அதன் வளர்ச்சி என்பது என் வாதம். ஐந்தாம் அத்தியாயம் முழுக்க இதேதான். அதை எழுதி முடித்த அன்று என் அறிவைக் கண்டு எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

பிறகு வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். வைவா என்று எல்லாரும் சொல்வது. நான்கு பேர் முன்னால் நின்று ஆய்வை விளக்க வேண்டும், வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் குடைவார். அதற்கான சுற்றறிக்கையில் வழக்கமாக ஒரு வரி இருக்கும், ஆர்வமுள்ள அனைவரும் வரலாம் என்று. யாரும் வரமாட்டார்கள். துறையில் இருக்கிற பாவப்பட்ட மாணவர்கள் சிலர் சமோசாவுக்காக உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சுற்றறிக்கையைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டது என் கிறுக்குத்தனம். என் தம்பி அந்தக் கடைசி வரியை அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொல்லியிருக்கிறான். அனைவரும் வரலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், ஆனால் காகிதத்தில் சொன்னால் எங்கள் ஊரில் அது அழைப்பாகுமா? அம்மா குளித்து, பட்டுப்புடவை கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், “எம்பொண்ணு வைவா வெச்சிருக்கறா, குடும்பத்தோட வந்துடுங்க” என்று முறையாக அழைத்துவிட்டு வந்தாள். வைவா என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. வெற்றிலை பாக்கு வைத்தபிறகு என்ன கேள்வி. தம்பி தன் பங்குக்குக் கிருமாம்பாக்கம் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் கட்டினான். அதில் நான் கழுத்தில் மாலையோடு இருந்தேன், பெயருக்கு முன்னால் முனைவர் என்று அப்போதே போட்டிருந்தான். நல்லவேளை, மாலையும் கழுத்துமாக இருந்ததால் சிலர் நான் தேர்தலில் நிற்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தேர்வன்று நான் கருத்தரங்க அறையில் கணினியைப் பொருத்திக்கொண்டிருந்தேன். வெளித்தேர்வாளர் வந்து உட்கார்ந்தார். தெற்கத்தித் தமிழர், வெளிமாநிலத்தில் பேராசிரியர். எதைச் சொன்னாலும் பக்க எண் கேட்பதில் பேர் போனவர். வாசலில் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தால் ஒரு குட்டியானை வண்டி நிற்கிறது, அதிலிருந்து எங்கள் தெரு இறங்கிக்கொண்டிருக்கிறது.

வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் தட்டு. ஆப்பிள், ஆரஞ்சு, சர்க்கரை, பூ, ஒரு தட்டில் தேங்காய்க்கு மஞ்சள் தடவி வைத்திருந்தது. கிறிஸ்தவ அக்கா ஒரு பெரிய கேக் கொண்டுவந்திருந்தாள். எதிர் வீட்டு அத்தை தூக்குவாளி நிறையச் சுழியம். நிச்சயதார்த்தத்துக்கு வைப்பதுபோல எல்லாவற்றையும் தேர்வாளர் மேசையில் பரப்பிவிட்டு, முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டார்கள். இடம் இல்லாமல் போனதால் அத்தை ஒரு தட்டை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டார். தேர்வாளருக்கும் எனக்கும் நடுவில் ஒரு வாழைத்தார் இருந்தது.

“யார் இவர்கள்?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“பொதுமக்கள், சார்” என்றார் என் நெறியாளர். சுற்றறிக்கைப்படி அதில் தப்பே கிடையாது.

நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். எங்கள் பெண்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் திரையில் பழைய பத்திரிகைப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தொப்பி போட்ட பெண் சாவடி வாசலில் நிற்கிற படம் வந்ததும் முன்வரிசை சிலிர்த்துவிட்டது. “இவதான், இவதான்” என்று ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள். “இன்னாடி இவ்ளோ ஒல்லியா இருக்கறா, அதான் ஜுரம் வந்துருக்குது.” பாதிரியார் படத்துக்கு அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். வக்கீல் வந்தபோது அத்தை காறித் துப்புகிற பாவனையில் ஒரு சத்தம் எழுப்பினார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நான் என் வாழ்நாளில் இவ்வளவு கவனமான வகுப்பு எடுத்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கடைசிப் படம் வந்தது. விடியற்காலை, ஆற்றங்கரை, இரண்டு ஆட்கள் அவளைத் தண்ணீரிலிருந்து தூக்குகிறார்கள். ஒரு கை தொங்குகிறது. தொப்பி தனியாக மிதக்கிறது. நான் ஐந்தாம் அத்தியாயத்தை விளக்கிக்கொண்டே போனேன். முன்வரிசையில் சத்தம் நின்றுபோனது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

அத்தை எழுந்து நின்றார். மடியிலிருந்த தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, “இது யாரு?” என்றார்.

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன்.

“நம்ம பொண்ணுதான இது? அதே தொப்பிதான மெதக்குது?”

கிறிஸ்தவ அக்கா அம்மாவின் பக்கம் திரும்பினாள். “இன்னாக்கா இது. படகு கவுந்துச்சி, சாமியாரு நீந்திப் போயி கரையேத்துனாரு, கண்ணாலம் ஆயி ரெட்டப் புள்ள பொறந்துச்சின்னு சொன்ன? ஒரு ஆணு ஒரு பொண்ணுன்னு. கரையில ஒக்காந்து நாமதான பேரு வெச்சம்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் கல்யாணம், எந்த ரெட்டைப் பிள்ளை. அம்மா தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பேர் வைத்த பிள்ளைகள் எப்படி இல்லாமல் போகும் என்பது ஒரு கட்சி, வெள்ளைக்காரன் படத்தை மாற்றிப் போட்டுவிட்டான் என்பது இன்னொரு கட்சி. என்ன சிக்கல் என்று தேர்வாளர் கேட்டார். என் நெறியாளர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, “வாசகர்கள் முடிவை ஏற்கவில்லை, சார்” என்றார்.

தேர்வாளர் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது. வாழைத்தாரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, சுத்தமான தமிழில் என்னிடம் சொன்னார்: “நல்லதாப் போச்சும்மா. வாசகர் பேச்சைக் கேக்காததுதான் நாவலோட வளர்ச்சிங்கிறது உங்க வாதம். வாசகர்களே நேர்ல வந்திருக்காங்க. அவ ஏன் சாகணும்னு அவங்ககிட்டயே சொல்லுங்க. இதுதான் என் கேள்வி.”

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தலைகீழாகத் தெரியும். சொன்னால் பட்டம் அன்றைக்கே என் கையில். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னையும் பார்க்கவில்லை, தேர்வாளரையும் பார்க்கவில்லை. அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தைக்கு ஒரு மகள் இருந்தாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள், மழைக்காலத்தில் தோழிகளோடு ஆற்றில் புதுத்தண்ணீர் பார்க்கப் போனாள். மறுநாள்தான் கிடைத்தாள். ஊரே கரையில் நின்றது, நானும் நின்றேன். நின்றவள்தான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படகு கவிழ்ந்ததை உருக்கமாகக் கதை சொன்னேன், இதைக் கொண்டுபோய் அம்மா யார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அம்மா யோசித்திருக்கிறாள். அதற்குத்தான் அந்த ‘சரி’.

அத்தை இன்னும் நின்றுகொண்டிருந்தார். “சொல்லுடி. இருக்கறாளா, இல்லியா?”

“இருக்கறா அத்தை” என்றேன். “சாவல. ரெட்டப் புள்ளதான்.”

“அப்ப படம்?”

“படம் வரஞ்சவன் தப்பா வரஞ்சிட்டான்.”

நான் சொல்லலையா என்று இரண்டாம் கட்சி மற்றவர்களைப் பார்த்தது. அத்தை உட்கார்ந்து தட்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். அறையில் தேர்வாளர் ஒருவர்தான் அசையவில்லை.

“இதுக்குப் பக்க எண்?” என்றார்.

“இல்ல சார்.”

“அப்ப உங்க அஞ்சாம் அத்தியாயம்?”

“நிக்காது சார்” என்றேன். அவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

முடிவு ஆங்கிலத்தில்தான் அறிவிக்கப்பட்டது. ஐந்தாம் அத்தியாயத்தை முழுக்க மாற்றி எழுதித் தர வேண்டும், மறுபடி பார்த்துவிட்டுத்தான் பட்டம். எங்கள் பெண்கள் கைதட்டினார்கள். யார் எதைச் சொல்லி முடித்தாலும் அன்று அவர்கள் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு எனக்கு மாலை போட்டு ஆலம் சுற்றினார்கள். தேர்வாளருக்கும் நெற்றியில் குங்குமம் வைத்து, கையில் தேங்காய் பழம் கொடுத்து, சுழியம் தின்னாமல் விடமாட்டோம் என்று நின்றார்கள். இரண்டு தின்றார்.

அந்த வருஷம் நாவல் பாடம் வேறொருவருக்குப் போயிற்று. நான் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தேன், அதில் என் மாணவர்கள் அபாரமாகத் தேறினார்கள். கிருமாம்பாக்கத்து ஃப்ளெக்ஸை மட்டும் தம்பி கழற்றவே இல்லை. தினமும் பேருந்து அங்கே நிற்கும்போது நான் கடலூர் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

வைவா முடிந்து அன்று திரும்பும்போது அம்மா ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மாலையோடு குட்டியானையின் பின்னால் பெண்களோடு ஏறிக்கொண்டேன். காலித் தட்டுகள் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தன. பட்டம் போனது மெல்ல உறைக்கத் தொடங்கியபோது, பக்கத்தில் இருந்த அத்தை என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“படத்த பாத்தன்டி” என்றார், மற்றவர்களுக்குக் கேட்காமல். “அந்தக் கை தொங்கறத பாத்தா எனக்குத் தெரியாதா?”

சரிந்து வந்த ஒரு தட்டை நான் காலால் நிறுத்தினேன்.

“உங்கம்மா அன்னிக்குக் கதைய மாத்துனப்பவே எனக்குத் தெரியும். கொரலு வேற மாதிரி ஆயிட்ச்சி அவளுக்கு. நானும் தெரியாத மாதிரி கேட்டுகினு இருந்துட்டன். இன்னிக்குப் படத்த பாத்தப்பதான் மனசு தாங்கல. ஒருத்தியாவது வூடு வந்து சேந்துட்டான்னு யாராச்சும் வாயால சொல்லிக் கேக்கணும் போல இருந்துச்சி. அத்தினி பேரு முன்னாடி நீ சொன்ன பாரு.”

வண்டி அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டியது. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த ரெட்டப் புள்ளைங்கள பள்ளிக்கூடத்துல சேத்துட்டாங்களா?”

“சேத்தாச்சி அத்தை.”

“இங்கிலீஷ் மீடியமா?”

“வேற இன்னா பண்ணுவாங்க அத்தை, அந்த ஊர்ல அது ஒன்னுதான் இருக்குது” என்றேன்.